நிற்கும் வண்டியின் விளக்கு

அன்புள்ள ஆசிரியருக்கு,

வேலை முடிந்து தினமும் இரவில் நாற்பது கிலோமீட்டர் பைக்கில் வீடு திரும்புகிறவன் நான். நான்கு நாட்களுக்கு முன் நெடுஞ்சாலையின் நடுவே ஒரு நாய் அடிபட்டுக் கிடந்தது. தலையை மட்டும் தூக்கித் தூக்கிப் பார்த்தது. பைக்கை ஓரத்தில் நிறுத்தி, வருகிறவர்களுக்குத் தெரியட்டும் என்று அவர்கள் பக்கமாகத் திருப்பி ஹை பீம் போட்டுவிட்டு ஓடினேன். தூக்கும்போது மணிக்கட்டில் கடித்துவிட்டது. அதே நேரம் ஒரு லாரி பிரேக் அடித்துத் தேய்த்துக்கொண்டு வந்து என்னிடமிருந்து இரண்டு அடி தள்ளி நின்றது. எப்படியோ நாயை இழுத்து ஓரத்தில் விட்டேன். அதற்குள் பத்து வண்டிகளாவது கடந்து போயிருக்கும், ஒருவரும் நிற்கவில்லை. மனிதம் செத்துவிட்டதா? மறுநாள் போனபோது நாய் அங்கே இல்லை. கடி பெரிதில்லை. இரண்டு பல் தடம், ஒரு சொட்டு ரத்தம். கிரீம் தடவினேன், ஆறிவிட்டது.

நான் கேட்க வந்தது இதுதான்: வழியில் மனிதர்களுக்கும் விலங்குகளுக்கும் உதவ பைக்கில் என்னென்ன வைத்திருக்க வேண்டும்? ஒரு பட்டியல் தருவீர்களா?

க.

அன்புள்ள க.,

பட்டியல் அப்புறம். ஊசி போட்டீர்களா? உங்கள் கடிதத்தை மூன்று தடவை படித்துவிட்டேன். கிரீம் வருகிறது, லாரி வருகிறது, ஊசி எங்குமே வரவில்லை.

ரேபிஸ், அதாவது வெறிநாய்க்கடி நோய் விஷயத்தில் கடி சின்னது பெரியது என்ற பேச்சே கிடையாது. பல் தோலைத் தாண்டி ரத்தம் கசிந்துவிட்டால் மருத்துவர்கள் கணக்கில் அது மூன்றாம் வகைக் கடி, இருப்பதிலேயே ஆபத்தான வகை. அதற்குத் தடுப்பூசி மட்டும் போதாது, காயத்துக்குள்ளும் சுற்றிலும் இம்யூனோகுளோபுலின் என்ற தயார்நிலை எதிர்ப்பு மருந்தைச் செலுத்த வேண்டும். தடுப்பூசி வேலை செய்து உடம்பு தானாக எதிர்ப்பை உண்டாக்க ஒரு வாரத்துக்கு மேல் ஆகும். அதுவரை கிருமியைக் கடித்த இடத்திலேயே மடக்கிப் பிடிப்பது இந்த மருந்துதான். முதல் ஊசி போட்ட நாளைப் பூஜ்யம் என்று வைத்து 3ஆம் நாள், 7ஆம் நாள் என்று தொடரும், மீதியை மருத்துவர் சொல்வார். கடித்த உடனே சோப்புப் போட்டு ஓடும் தண்ணீரில் 15 நிமிடம் கழுவியிருக்க வேண்டும். கடிகாரம் பார்த்து 15. கடித்த நாயைப் பத்து நாள் கண்காணித்து, அது நன்றாக இருந்தால் மீதி ஊசிகளை விட்டுவிடுகிற வழி ஒன்று உண்டு. உங்களுக்கு அது இல்லை, ஏனென்றால் நாயே கையில் இல்லை. ஆறியது தோல்தான். அறிகுறி தெரிய வாரங்கள் ஆகலாம், மாதங்கள் ஆகலாம். தெரிந்துவிட்டால் பிறகு பிழைப்பது ஏறக்குறைய இல்லை. நான்கு நாள் கழித்துப் போனாலும் போடுவார்கள், போட வேண்டும். மீதியை வந்து படியுங்கள்.

மனிதம் செத்துவிட்டதா என்ற கேள்வியை நான் தொடப்போவதில்லை. இருட்டில், தனியாக, ஒரு நாய் தலையைத் தூக்கிப் பார்த்ததற்காக நீங்கள் வண்டியை நிறுத்தினீர்கள். அதைப் படித்தபோது மனசு நிறைந்துவிட்டது. ஆனால் அடுத்த வரியிலேயே அந்த லாரி வந்துவிட்டது.

உதவப் போகிறவர்கள் எல்லோரும் அடிபட்டவரைப் பார்த்துத்தான் ஓடுகிறார்கள். முதுகுப் பக்கம் யாரும் பார்ப்பதில்லை. கொஞ்ச நாளாகவே இதைத்தான் யோசித்துக்கொண்டிருந்தேன், உங்கள் கடிதம் வந்து சேர்ந்தது. சாலையில் முதல் உதவி பின்னால் வருகிற ஓட்டுநருக்குச் செய்ய வேண்டியது. அவருக்கு விஷயம் தெரியாதவரை நீங்கள் நாயைக் காப்பாற்றவில்லை, அதன் பக்கத்தில் போய் நிற்கிறீர்கள், அவ்வளவுதான்.

கணக்கைப் பாருங்கள். 80 கிலோமீட்டர் வேகத்தில் வரும் வண்டி ஒரு விநாடியில் 22 மீட்டர் நகர்கிறது. கண்ணில் பட்டு, புரிந்து, கால் பிரேக்குக்குப் போக ஒன்றரை விநாடி என்றால் 33 மீட்டர் போய்விட்டது. அதற்குப் பிறகு காய்ந்த சாலையில் நல்ல டயருள்ள கார் நிற்க இன்னும் 35 மீட்டராவது வேண்டும். ஆக மொத்தம் 70 மீட்டர். லோடு லாரிக்கும் ஈரச் சாலைக்கும் இன்னும் கூடுதல். லோ பீமில் கருப்புச் சட்டை போட்ட மனிதர் கண்ணுக்குத் தட்டுப்படுவதே ஐம்பது மீட்டர் சுமாருக்குத்தான். அந்த லாரிக்காரர் உங்களைப் பார்த்த நேரத்தில் நிறுத்துவதற்கான தூரம் ஏற்கெனவே தீர்ந்திருக்கலாம். அவர் நன்றாக ஓட்டினார் என்றுதான் சொல்வேன்.

ஹை பீமைத் திருப்பிப் போட்டது நல்ல எண்ணம், ஆனால் அது உங்களை மறைத்துவிட்டது. கண்ணில் நேராக அடிக்கும் வெளிச்சத்துக்கு அப்பால் நிற்பது எதுவும் ஓட்டுநருக்குத் தெரியாது. அவருக்குத் தெரிந்தது ஓர் ஒளிப் பந்து, அதைச் சுற்றிக் கரிய இருட்டு. நீங்களும் நாயும் அந்த இருட்டுக்குள் இருந்தீர்கள்.

சரி, திருப்பாமல் டெயில் லைட்டை எரியவிட்டிருந்தால்? அதிலும் ஒரு வில்லங்கம். காருக்குப் பின்னால் இரண்டு சிவப்பு விளக்கு. நெருங்க நெருங்க இரண்டுக்கும் இடையிலான இடைவெளி விரிவதைக் கண் பிடித்துக்கொள்ளும், தூரம் புரிந்துவிடும். பைக்குக்கு ஒன்றே ஒன்று. ஒற்றைப் புள்ளி நிற்கிறதா ஓடுகிறதா என்று இருட்டில் சொல்ல முடியாது. நம்மைப்போல ஓடிக்கொண்டிருக்கிறது என்றே எடுத்துக்கொள்கிறவர்கள்தான் அதிகம். நிற்கும் பைக்கின் டெயில் லைட்டை நம்பி ஒரு நிமிடம்கூட நிற்காதீர்கள். ஒரு பக்க இண்டிகேட்டரைப் போட்டாலும் ‘திரும்பப் போகிறான்’ என்றுதான் அர்த்தமாகும். நான்கும் சேர்ந்து மின்னும் ஹசார்ட் சுவிட்ச் இருந்தால் போடுங்கள். பல பைக்குகளில் அது இல்லை.

அதனால் வண்டியை அடிபட்ட இடத்தைத் தாண்டி, தார் விளிம்புக்கு வெளியே கொண்டுபோய் நிறுத்த வேண்டும். கார் நின்றால் ஒரு தடுப்பாகவாவது இருக்கும். 150 கிலோ பைக் தடுப்பாகாது, மோதினால் பறந்து வந்து உங்கள் மேலேயே விழும். அடுத்தது ரிஃப்ளெக்டிவ் வெஸ்ட், வெளிச்சம் பட்டால் பளிச்சிடும் மேலங்கி. ஹெல்மெட்டைக் கழற்றுவதற்கு முன் அது உடம்பில் ஏறியிருக்க வேண்டும். பிறகு சாலையில் வைக்கும் சிவப்பு எச்சரிக்கை முக்கோணத்தை (மடக்கு முக்கோணம்) விரித்து, நெஞ்சுக்கு முன்னால் பிடித்துக்கொண்டு, வருகிற வண்டிகளைப் பார்த்தபடி ஓரமாகவே நடங்கள். நெடுஞ்சாலையில் 100 மீட்டர், அதாவது நிதானமாக 130 எட்டு. வளைவு இருந்தால் வளைவுக்கு முன்னால் வையுங்கள். வளைவைத் தாண்டி வைத்தால், அது தெரியும்போது நீங்களும் தெரிந்துவிடுவீர்கள், பிரயோஜனம் இல்லை. டார்ச்சை முகத்தில் அடிக்காமல் தரையை நோக்கி மேலும் கீழும் மெதுவாக அசையுங்கள்.

கிடப்பது மனிதர், ரத்தம் கொட்டுகிறது, நீங்கள் தனியாள் என்றால் 130 எட்டு நடக்க நேரம் இல்லை. மின்னும் டார்ச்சை முப்பது எட்டில் வைத்துவிட்டு வந்து காயத்தை அழுத்துங்கள். மீதி வேலை அடுத்து வருகிறவருக்கு. ‘யாராவது நில்லுங்கள்’ என்று கத்தினால் யாரும் நிற்கமாட்டார்கள். ஒருவரைக் கைகாட்டி, ‘நீல ஹெல்மெட் தம்பி, இந்த டார்ச்சைப் பிடித்து அந்தக் கம்பத்துக்கிட்ட நில்லு’ என்று சொல்லிப் பாருங்கள். பெரும்பாலும் நிற்பார்கள். கடந்து போன அந்தப் பத்துப் பேரில் பலர் என்ன செய்வது என்று தெரியாமல் போனவர்களாக இருக்கலாம்.

நாயிடம் வருவோம். இடுப்பு உடைந்த நாயை வயிற்றில் கைகொடுத்துத் தூக்கினால் வளர்த்தவர் கையையும் கடிக்கும். முகத்துக்கு நேராகப் போகாமல் முதுகுப் பக்கமாக, குனிந்து, மெல்லிய குரலில் பேசிக்கொண்டே போக வேண்டும். ஒரு மீட்டர் பேண்டேஜ் துணியின் நடுவில் தளர்வாக ஒரு வளையம் போட்டு, கையை எட்டவே வைத்துக்கொண்டு மூக்கில் நுழைத்து மேல்புறம் இறுக்குங்கள். இரு முனைகளையும் தாடைக்குக் கீழே கொண்டுபோய் ஒரு முடிச்சு, அப்புறம் காதுகளுக்குப் பின்னால் பிடரியில் உருவினால் அவிழும் சுருக்கு. பிடரி முடிச்சை விட்டுவிட்டால் முன்னங்காலால் ஒரே தள்ளில் கழற்றிவிடும். மூச்சுத் திணறினாலோ வாந்தி எடுத்தாலோ மூக்கில் வாயில் ரத்தம் வந்தாலோ கட்டவே கூடாது. அப்போது தலைமேல் ஜாக்கெட்டைப் போர்த்தினால் போதும். முதுகுக்குப் பின்னால் ரெயின்கோட்டை விரித்து, பிடரித் தோலையும் இடுப்புத் தோலையும் பிடித்து, முதுகு வளையாமல் ஒரே இழுப்பில் அதன்மேல் ஏற்றி, கோட்டோடு ஓரத்துக்கு இழுங்கள். வாய்க்கட்டைச் சில நிமிடங்களில் அவிழ்த்துவிட வேண்டும், நாய் உடம்புச் சூட்டைத் தணிப்பது வாய் வழியாகத்தான். தண்ணீர் புகட்டாதீர்கள். பைக் டாங்கின்மேல் படுக்கவைத்துக் கொண்டுபோகவும் வேண்டாம், நான்கு சக்கர வண்டி வரும்வரை பக்கத்தில் இருங்கள். மாடு என்றால் தொடவே வேண்டாம், வருகிற வண்டிகளை நிறுத்துவது மட்டும்தான் உங்கள் வேலை. மாடு பின்னால் மட்டும் உதைப்பதில்லை, பக்கவாட்டிலும் வீசி உதைக்கும்.

பட்டியலை இத்தனை நேரம் மறந்தேவிட்டேன். வெஸ்ட், முக்கோணம், தலையில் மாட்டும் டார்ச், நைட்ரைல் கையுறை இரண்டு ஜோடி, 10 சென்டிமீட்டர் அகல கிரேப் பேண்டேஜ் இரண்டு, காஸ் துணி, ஹெல்மெட் வாரையும் பேன்ட்டையும் வெட்டும் மொட்டைமுனைக் கத்தரிக்கோல், சோப்பு, ஒரு லிட்டர் தண்ணீர். எல்லாம் சீட்டுக்குப் பின்னால் கட்டும் ஒரு சின்னப் பைக்குள் அடங்கும். வெஸ்ட் மேலே இருக்கட்டும். அடியில் கிடந்தால் அந்த அவசரத்தில் எடுக்கமாட்டீர்கள். விழுந்தவரின் ஹெல்மெட்டை, மூச்சும் மூச்சுப் பாதையும் சரியாக இருக்கும்வரை கழற்றாதீர்கள். கழற்றித்தான் ஆக வேண்டும் என்றால் ஒருவர் கீழிருந்து தாடையையும் பிடரியையும் அசையாமல் பிடித்துக்கொள்ள, இன்னொருவர் இரு பக்கமும் விரித்து உருவ வேண்டும். இது எழுத்தில் படித்து வராது, ஒருநாள் முதலுதவிப் பயிற்சிக்குப் போய்க் கையால் செய்து பாருங்கள். பஞ்சர் பற்றியும் பெட்ரோல் தீர்ந்தவர்களுக்கு உதவுவது பற்றியும் வேறொரு நாள் பேசலாம்.

3ஆம் நாள் ஊசி போட்டுவிட்டு வந்ததும் எனக்கு ஒரு வரி எழுதுங்கள். காத்திருக்கிறேன்.

அன்புடன்