எந்த அடிமானத்துக்கும் மடக்கை: வாசகர் கேள்வி-பதில்

கேள்வி: ஐயா, நான் பிளஸ் ஒன் மாணவி. வளைகுடாவிலிருந்து வந்த மாமா, டிஐ-84 பிளஸ் என்னும் கிராஃபிங் கால்குலேட்டரைத் தந்தார். அதில் லாக், எல்என் பொத்தான்களே உள்ளன. 2-ஐ அடிமானமாகக் கொண்டு 50-இன் மடக்கையைக் கேட்டால் 2.2204 என்கிறது. அதே அடிமானத்தில் எக்ஸின் மடக்கைக்கு வரைந்த வளைவரையும் ஒய் அச்சருகே, –2.2 அளவில், அந்தரத்தில் தொடங்குகிறது. ஏன்?
— ஒரு வாசகி, அம்பாசமுத்திரம்

பதில்: 2-ஐ எந்த அடுக்குக்கு உயர்த்தினால் 50 வருமோ, அந்த அடுக்கே 2-ஐ அடிமானமாகக் கொண்ட 50-இன் மடக்கை. 2-இன் ஐந்தாம் அடுக்கு 32, ஆறாம் அடுக்கு 64 என்பதால் விடை 5-க்கும் 6-க்கும் நடுவில்தான் இருக்க முடியும். பொத்தானைத் தொடுமுன் இப்படி மதிப்பிட்டுக்கொள்ளும் பழக்கத்தை எந்தக் கருவி கைக்கு வந்தாலும் விட்டுவிடாதீர்கள்.

லாக் பொத்தானின் அடிமானம் 10. ஹென்றி பிரிக்ஸ் 1617-இல் அச்சிட்ட பட்டியலும், பள்ளியில் நீங்கள் புரட்டும் மடக்கை அட்டவணையும் அதே அடிமானத்தில் அமைந்தவையே. 2-இன் எம்-ஆவது அடுக்கு 50 என்றால், இருபுறமும் மடக்கை எடுக்கும்போது எம் பெருக்கல் லாக் 2 என்பது லாக் 50-க்குச் சமமாகிறது, ஆகவே 1.69897-ஐ 0.30103-ஆல் வகுத்தால் 5.6439 கிடைக்கும். எல்என் (ஏறத்தாழ 2.718 ஆன இ என்ற எண்ணை அடிமானமாகக் கொண்ட மடக்கை) கொண்டு வகுத்தாலும் இதே விடைதான், ஆனால் மேலும் கீழும் ஒரே பொத்தானாக இருக்க வேண்டும்.

உங்கள் 2.2204 அடைப்புக்குறியால் வந்தது. லாக்கை அழுத்தியதும் கருவி தானே ஓர் அடைப்பைத் திறக்கிறது. 50-க்குப் பின் நீங்கள் அதை மூடாததால், 50-ஐ லாக் 2-ஆல் வகுத்து வந்த 166.1-க்கு அது மடக்கை கண்டிருக்கிறது. லாக்(50)/லாக்(2) என்று முழுமையாக இடுங்கள். புதிய மென்பொருள் கொண்ட கருவிகளில் மேத் பட்டியலில் லாக்பேஸ் என்ற கட்டளையும் உண்டு. ஆயினும் வகுத்தல் முறை எல்லாக் கருவிக்கும் பொருந்துவதால் அதையே முதலில் கைவசப்படுத்துங்கள்.

வளைவரையில் பிழையில்லை. –10 முதல் 10 வரையான எக்ஸ் எல்லையைக் கருவி 94 படிகளாகப் பிரிக்கிறது. பூச்சியத்தில் மடக்கை கிடையாது, அடுத்த புள்ளி 0.2128, அங்கே மதிப்பு –2.23. எல்லையை 0 முதல் 1 வரை சுருக்கினால் அதே கோடு –6.55-இலிருந்து எழுவதைக் காண்பீர்கள். உண்மையில் அது ஒய் அச்சைத் தொடாமலே கீழே முடிவின்றிப் போகிறது.

கேள்வி: ஆண்டுக்கு 7 சதவீதக் கூட்டுவட்டியில் போட்ட பணம் எப்போது இரட்டிப்பாகும்?
— ஒரு வாசகர், சேரன்மகாதேவி

பதில்: ஆண்டுதோறும் பணம் 1.07 மடங்காவதால் இங்கே அடிமானம் 1.07. லாக்(2)/லாக்(1.07) என்று இட்டால் 10.24 ஆண்டு என்று வரும். ஆனால் வட்டி ஆண்டிறுதியில் மட்டும் சேருமானால், ஒரு லட்சம் பத்தாம் ஆண்டு முடிவில் 1,96,715 ரூபாயாகவே நிற்கும். பதினோராம் ஆண்டு முடிவில்தான் இரண்டு லட்சத்தைத் தாண்டும்.