பதில்: அம்மாவுக்குக் கையில் மட்டும் வீக்கம், முழங்கால் நன்றாக இருக்கிறதே?

தங்கச்சி, அம்மாவுக்கு இரண்டு கையிலும் விரல் அடி மூட்டு வீங்கி, விடிந்து ஒரு மணி நேரம் கூடைக் கயிற்றைக்கூடப் பிடிக்க முடியவில்லை என்கிறீர்கள். பனியில் தேயிலைக் கொழுந்து பறித்ததால் வந்தது என்று தோட்டத்து லயக் குடியிருப்பில் சொல்கிறார்களாம். குளிர் வலியைக் கூட்டலாம், ஆனால் இப்படி வீங்கவைக்காது. எனக்கு இது முடக்குவாதமாகத்தான் (உடலின் எதிர்ப்புச் சக்தியே மூட்டைத் தாக்கும் நோய்) படுகிறது.

கையை மட்டும் ஏன் பிடித்தது? மூட்டின் உள்சவ்வில் நார் உண்டாக்கும் தொடுப்பிழையக் கலங்கள் இருக்கின்றன. எல்லா மூட்டிலும் அவை ஒன்றுபோல இல்லை. கருவில் உடலின் எந்தப் பகுதி எங்கே என்று வகுத்த ஹொக்ஸ் மரபணுக்களின் அடையாளம் வளர்ந்த பிறகும் அவற்றில் அழிவதில்லை. 2017இல் வந்த சூரிச் ஆய்வு ஒன்று கை, தோள், முழங்கால் கலங்களை ஒப்பிட்டு இதைக் காட்டியது. அதனால் ஒரே நோய்க்கு ஒவ்வொரு மூட்டும் ஒவ்வொரு விதமாக எதிர்வினை காட்டுகிறது. விரல் நுனி மூட்டை முடக்குவாதம் பெரும்பாலும் விட்டுவிடும். மூட்டுத் தேய்மானம்தான் அங்கே முடிச்சுப் போடும். அம்மாவின் நுனி மூட்டையும் பாருங்கள்.

பொகவந்தலாவையில் என் சின்னம்மா வலி மாத்திரையோடு இரண்டு வருஷம் ஓட்டினார். விரல்கள் சுண்டுவிரல் பக்கம் சாய்ந்துவிட்டன, இப்போது தேங்காய் துருவ முடியாது. சவ்வு தடித்து எலும்பை அரித்தால் அது திரும்பி வளராது. தயவுசெய்து இந்தக் கிழமையே பெரிய வைத்தியசாலைக்குக் கூட்டிப் போங்கள். விடிந்ததும் விரல் இறுக்கம் எவ்வளவு நேரம் இருக்கிறது என்பதை மறக்காமல் சொல்லுங்கள்.