டயரைத் தின்பது கேம்பரா, டோவா? – மோட்டார் கேள்வி பதில்

கேள்வி: ஸ்விஃப்ட் காருக்கு 40 மி.மீ. இறக்கும் லோயரிங் ஸ்பிரிங் போட்டேன். 5,000 கி.மீ. ஓடுவதற்குள் முன் டயர் இரண்டும் உள்பக்கம் மட்டும் தேய்ந்து நூல் தெரிகிறது. அலைன்மெண்ட் கடையில், "கேம்பர் அவுட், ஸ்ட்ரட்டை ஜாக்கி வைத்து வளைத்துச் சரிசெய்து தருகிறோம்" என்கிறார்கள். செய்யலாமா?
– வாசகர், ஈரோடு

பதில்: வளைக்க விடாதீர்கள். ஸ்பிரிங்கையும் ஷாக்கையும் சேர்த்துத் தாங்கும் ஸ்ட்ரட்டின் குழாய் கோணினால் உள்ளே ஏறி இறங்கும் ராடு ஒரு பக்கமாக உரசும், ஆயில் சீல் போகும், ஷாக் கசியும். ஸ்ட்ரட்டின் அடியில் சக்கரத்தைத் தாங்கும் நக்கிளில் அழுத்தம் கொடுத்தால் இன்னும் மோசம், வீல் பேரிங் உட்கார்ந்திருக்கும் இடம் அது.

உங்கள் டயரைத் தின்றது பெரும்பாலும் கேம்பர் அல்ல, டோ. கேம்பர் என்பது முன்னாலிருந்து பார்த்தால் சக்கரம் சாய்ந்திருக்கும் கோணம்; மேல்பக்கம் உள்ளே சாய்ந்தால் நெகட்டிவ். டோ என்பது மேலிருந்து பார்த்தால் சக்கரம் திரும்பியிருக்கும் அளவு; முன்விளிம்பு உள்ளே திரும்பினால் டோ இன், வெளியே திரும்பினால் டோ அவுட். உங்கள் ஸ்விஃப்ட் போன்ற மேக்ஃபெர்சன் ஸ்ட்ரட் வண்டியை 40 மி.மீ. இறக்கினால் கேம்பர் ஏறக்குறைய அரை முதல் ஒரு டிகிரிவரைதான் நெகட்டிவ் பக்கம் போகும். டோ சரியாக இருந்தால் அதனால் உள்விளிம்பு மெதுவாகத்தான் தேயும். 5,000 கி.மீ.யில் நூல் தெரியாது.

வண்டி இறங்கும்போது, சக்கரத்தைக் கீழிருந்து பிடிக்கும் லோயர் ஆர்ம் ஒரு வட்டத்தில் சுழல்கிறது, ஸ்டீயரிங்கைச் சக்கரத்தோடு இணைக்கும் டை ராடு வேறொரு வட்டத்தில் சுழல்கிறது. நீளமும் சாய்வும் ஒன்றாக இல்லாததால் சக்கரம் உள்ளேயோ வெளியேயோ திரும்பி நிற்கும். எந்தப் பக்கம் என்பது, டை ராடுகளைத் தள்ளும் ஸ்டீயரிங் ரேக் ஆக்சிலுக்கு முன்னால் இருக்கிறதா, பின்னால் இருக்கிறதா என்பதையும் டை ராடின் சாய்வையும் பொறுத்தது. 15 இஞ்ச் ரிம்மில் மொத்த டோ (இரு சக்கரமும் சேர்த்து) 3 மி.மீ. விலகினால் ஒவ்வொரு சக்கரமும் கால் டிகிரிக்குச் சற்றுக் குறைவாகத் திரும்பியிருக்கும். கேட்கச் சின்னது. ஆனால் அந்த டயர் ஒவ்வொரு கிலோமீட்டருக்கும் சுமார் 4 மீட்டர் பக்கவாட்டில் இழுபடுகிறது.

நீங்களே பார்க்கலாம். டயரில் தரையைத் தொடும் ட்ரெட்மேல் உள்ளங்கையைக் குறுக்காக ஓட்டுங்கள். உள்ளிருந்து வெளியே போகும்போது வழுவழுப்பாகவும், வெளியிலிருந்து உள்ளே வரும்போது ரம்பப் பல்போலவும் தட்டினால் டோ அவுட். நேர்மாறாக இருந்தால் டோ இன். இரு திசையிலும் ஒரே மாதிரி வழுவழுப்பாக, உள்விளிம்பு மட்டும் தேய்ந்திருந்தால்தான் கேம்பரைச் சந்தேகிக்க வேண்டும்.

இனிச் செய்ய வேண்டியது. முதலில் லோயர் ஆர்ம் புஷ் (ரப்பர் வளையம்) போல்ட்டுகளையும், பின் சக்கரங்கள் இரண்டையும் இணைக்கும் பீமின் முன் புஷ் போல்ட்டுகளையும் தளர்த்துங்கள். வண்டி நாலு சக்கரத்தில் நிற்க வேண்டும், தொங்கக் கூடாது. அதனால் பிட் அல்லது நாலு கால் லிஃப்ட் உள்ள கடையாகப் பாருங்கள். முன்னும் பின்னும் நன்றாக அமுக்கி விட்டுவிட்டு, வண்டி உட்கார்ந்த உயரத்திலேயே, மேனுவலில் உள்ள டார்க்குக்கு (முறுக்கு விசை அளவுக்கு) முறுக்கவும். இதைப் பலரும் விட்டுவிடுகிறார்கள். பழைய உயரத்தில் முறுக்கியபடியே விட்டால் புஷ் ரப்பர் நிரந்தரமாக முறுகி நிற்கும், சீக்கிரம் கிழியும். கிழிந்த புஷ்ஷோடு எந்த அலைன்மெண்ட்டும் நிற்காது. பால் ஜாயிண்ட், டை ராடு எண்ட் ஆட்டமும் இப்போதே பார்த்துவிடுங்கள்.

அடுத்தது கேம்பர். ஸ்ட்ரட்டையும் நக்கிளையும் சேர்க்கும் இரண்டு போல்ட்டையும் லேசாகத் தளர்த்தி, சக்கரத்தின் மேல்பக்கத்தை வெளியே இழுத்துப் பிடித்து முறுக்கினால், துளையில் இருக்கும் இடைவெளி அளவுக்குச் செலவில்லாமலே கொஞ்சம் கேம்பர் திரும்பும். போதவில்லை என்றால் மேல் துளைக்கு கேம்பர் போல்ட். முட்டை வடிவத் தண்டு உள்ள இந்த போல்ட் ஒன்று, ஏறத்தாழ ஒன்று முதல் ஒன்றே முக்கால் டிகிரிவரை நகர்த்தித் தரும். ஒரிஜினல் போல்ட்டைவிட மெலிதானது என்பதால் அதன் பெட்டியில் எழுதியிருக்கும் டார்க்குக்கு மட்டுமே முறுக்குங்கள், 100 கி.மீ. ஓடியதும் மறுபடி பாருங்கள். துளையை அரம் போட்டு நீளமாக்கும் வேலை வேண்டாம். பெரிய குழியில் ஒருமுறை விழுந்தால் நகர்ந்துவிடும்.

டோ கடைசியில்தான். கேம்பரைத் தொட்டால் டோ மாறும், அதனால் வரிசையை மாற்றினால் செய்த வேலை வீண். ஸ்டீயரிங்கை நேராகப் பூட்டி, இரண்டு டை ராடையும் தனித்தனியே சரிசெய்யச் சொல்லுங்கள். ஒரு பக்கம் மட்டும் திருகினால் எண் சரியாக வரும், ஸ்டீயரிங் கோணலாக நிற்கும். தெருவில் ஓடும் வண்டிக்கு முன் கேம்பர் மைனஸ் அரை முதல் மைனஸ் ஒன்றேகால் டிகிரி, இடம் வலம் வித்தியாசம் 30 மினிட்டுக்குள் (60 மினிட் ஒரு டிகிரி), மொத்த டோ 0 முதல் 1 மி.மீ. இன் வைத்தால் போதும். 15 இஞ்ச் ரிம்மில் 1 மி.மீ. என்பது சுமார் 9 மினிட். கடையில் தரும் அலைன்மெண்ட் ஷீட்டில் எந்த அளவில் அச்சாகிறது என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

புது ஸ்பிரிங் சில நூறு கிலோமீட்டரில் இன்னும் சற்று அமரும். ஆகவே மாட்டிய அன்றே டோவை மட்டும் சரிசெய்து, 500 கி.மீ. கழித்து முழு அலைன்மெண்ட் செய்யுங்கள். டயர் காற்று சரியாக, டேங்க் பாதி நிரம்பி, டிக்கி காலியாக இருக்கட்டும்.

கேள்வி: ஸ்கோடா லாராவை இறக்கியபின் பின் டயர் உள்பக்கம் தேய்கிறது. பின்னால் எதையும் அட்ஜஸ்ட் செய்ய முடியாது என்கிறார் மெக்கானிக்.
– வாசகி, மதுரை

பதில்: ஸ்விஃப்ட் போன்ற பீம் ஆக்சில் வண்டிக்கு அவர் சொல்வது பொருந்தும். அங்கே சக்கரம் மாட்டும் ஸ்டப் ஆக்சிலுக்கும் பீமுக்கும் நடுவே ஷிம் (மெல்லிய தகடு) வைப்பதுதான் வழி. லாராவின் பின்பக்கம் மல்டி லிங்க், அதாவது ஒவ்வொரு சக்கரத்தையும் பல ஆர்ம்கள் தனியே பிடிக்கும் அமைப்பு. மேல் ஆர்மின் உள்முனையில் கேம்பருக்கும், ஸ்பிரிங் உட்காரும் கீழ் ஆர்மின் உள்முனையில் டோவுக்கும் எக்சென்ட்ரிக் (மையம் விலகிய) போல்ட் இருக்கிறது. துருப்பிடித்து இறுகியிருக்கும், முந்தின நாளே துரு எண்ணெய் விட்டு வைக்கச் சொல்லுங்கள். எக்சென்ட்ரிக் முழுக்கத் திருப்பியும் கேம்பர் வரவில்லை என்றால் அட்ஜஸ்டபிள் ஆர்ம் வாங்க வேண்டியதுதான். முதலில் பின் கேம்பர், பிறகு பின் டோ, அதற்கப்புறம்தான் முன்பக்கம். பின் சக்கரங்கள் எந்தப் பக்கம் தள்ளுகின்றனவோ அதற்கேற்ப முன்பக்கம் வைத்தால்தான் ஸ்டீயரிங் நேராக வரும். முடிந்ததும் ஸ்டீயரிங் ஆங்கிள் சென்சாரை ஸ்கேனர் மூலம் ஜீரோ செய்யச் சொல்லுங்கள்.

கேள்வி: கடைக்குப் போகாமல் வீட்டில் கேம்பர் அளக்க முடியுமா?
– வாசகர், நாகர்கோவில்

பதில்: தோராயமாக முடியும். சமதளத்தில் ஸ்டீயரிங் நேராக வைத்து, தூக்கு குண்டு கட்டிய நூலை சக்கரத்தின் நடுவே தொங்கவிடுங்கள். ரிம்மின் மேல் விளிம்புக்கும் நூலுக்கும் உள்ள தூரம், கீழ் விளிம்புக்கும் நூலுக்கும் உள்ள தூரம் இரண்டையும் அளவுகோலால் எடுங்கள். 15 இஞ்ச் ரிம்மின் வெளிவிளிம்பு கிட்டத்தட்ட 400 மி.மீ. என்பதால் வித்தியாசம் 7 மி.மீ. என்றால் ஒரு டிகிரி. மேல்பக்க இடைவெளி அதிகமானால் நெகட்டிவ். தரை சாய்வு உங்களை ஏமாற்றும், வண்டியைத் திருப்பி நிறுத்தி இன்னொரு முறை அளந்து இரண்டின் சராசரியை எடுங்கள்.

கேள்வி: ஸ்பிரிங்கையே ஒரு சுற்று வெட்டிவிட்டால் செலவு மிச்சம்தானே? எவ்வளவு இறக்கலாம்?
– வாசகர், திருச்சி

பதில்: வெட்டக் கூடாது. வெட்டிய முனை ஸ்பிரிங் அமரும் தட்டில் சரியாக உட்காராது. பள்ளத்தில் சக்கரம் தொங்கும்போது ஸ்பிரிங் இடம்விட்டு விலகலாம். ஷாக்கும், அதன் ஓட்டம் முடியும் இடத்தில் தடுக்கும் ரப்பரான பம்ப் ஸ்டாப்பில் மோதியே வேலை செய்யும்.

அளவைப் பொறுத்தவரை, 2018க்குப் பின் வந்த ஸ்விஃப்ட்டின் கிரவுண்ட் கிளியரன்ஸ் 163 மி.மீ. அதில் 40 கழித்தால் 123, அதுவும் காலி வண்டிக்கு. இந்தியச் சாலை காங்கிரஸ் (ஐ.ஆர்.சி.) விதிப்படியான வேகத்தடையே 100 மி.மீ. உயரம். விதியைப் பாராமல் நம் தெருக்களில் போட்டிருக்கும் தடைகள் அதைவிட உயரமும் செங்குத்தும். நாலு பேரோடு ஓட்டுவதென்றால் 25 முதல் 30 மி.மீ.யோடு நிறுத்துங்கள். டோ மாறுவதும் அதற்குத் தக்கபடி குறையும்.