காவல் துறைத் தமிழ்: சார்பு ஆய்வாளர் தேர்வுக்குத் தயாராகும் மகளின் தாய்க்கு

மதிப்பிற்குரிய அம்மா அவர்களுக்கு,

வணக்கம். வேதியியல் பட்டம் முடித்த உங்கள் மகள் சார்பு ஆய்வாளர் (சப்-இன்ஸ்பெக்டர்) தேர்வுக்குப் படித்துவருவதையும், பள்ளிப் படிப்பு முழுவதும் ஆங்கில வழியிலேயே அமைந்துவிட்டதால் காவல் துறைத் தமிழ் அவருக்குப் பிடிபடவில்லை என்று நீங்கள் கவலைப்படுவதையும் உங்கள் கடிதத்தில் படித்தேன். சென்ற வாரம் அவர் என்னைப் பார்க்க வந்திருந்தபோது, கோயில் வாசலில் நிறுத்தியிருந்த இருசக்கர வாகனம் திருடுபோனதைப் பற்றி அரைப் பக்கம் எழுதித் தரச் சொன்னேன். கையெழுத்து தெளிவாக இருந்தது, வாக்கியங்களிலும் பிழையில்லை. ஆனால் மூன்றாவது வரியில், "குற்றவாளி நீலச் சட்டை அணிந்திருந்தான்" என்று எழுதியிருந்தார்.

அந்த ஒரு சொல்லைத்தான் இருவரும் அரை மணி நேரம் பேசினோம். யாரென்றே தெரியாத அந்த ஆள் அப்போது வெறும் அடையாளம் தெரியாத நபர். ஐயம் ஒருவர் மீது விழுந்தால் அவர் சந்தேக நபர். வழக்கில் பெயர் சேர்ந்தபின் அவர் எதிரி, அதாவது குற்றம் சாட்டப்பட்டவர். சாட்சியங்களைக் கேட்டு நீதிமன்றம் தீர்ப்புச் சொன்ன பிறகே குற்றவாளி. நம் மாநிலக் காவல் நிலையத் தாள்களில் புகார் கொடுத்தவரை வாதி என்றும் குற்றம் சாட்டப்பட்டவரை எதிரி என்றும் எழுதுவது நெடுநாள் வழக்கம்; அதில் பகை என்ற பொருள் இல்லை. எழுதுகிற அதிகாரி முதல் நாளிலேயே குற்றவாளி என்று எழுதிப் பழகிவிட்டால், நீதிமன்றம் செய்யவேண்டிய முடிவை நிலையத்திலேயே செய்துவிடும் மனப்பழக்கமும் கூடவே வந்துவிடும் என்பதால்தான் இதை இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன்.

இந்தத் துறையின் சொற்களைப் பொருள் மட்டும் பார்த்து மனப்பாடம் செய்வது போதாது. ஒவ்வொரு சொல்லும் சட்டத்தின் ஒரு படி. அதை யார் செய்கிறார், எப்போது செய்கிறார், அதனால் யாருக்கு என்ன நேர்கிறது என்பதும் அதனுடன் சேர்ந்தே வரும். விசாரணை என்ற சொல்லையே எடுத்துக்கொள்ளுங்கள். மனு மீது நிலையத்தில் நடப்பதும் விசாரணைதான். வழக்குப் பதிந்தபின் சாட்சியங்களைத் திரட்டுவது புலன் விசாரணை. நீதிமன்றத்தில் நடப்பதும் விசாரணை. அங்கே சாட்சியை எதிர்த்தரப்பு வழக்கறிஞர் கேட்பது குறுக்கு விசாரணை. இறந்தவரின் உடலையும் சூழ்நிலையையும் பார்த்துக் காவல் அதிகாரி, ஊரார் முன்னிலையில் தயாரிப்பது பிரேத விசாரணை அறிக்கை; மருத்துவர் உடலை அறுத்துப் பார்த்துத் தருவது பிரேதப் பரிசோதனை அறிக்கை. செய்தித்தாள்களில்கூட இவ்விரண்டும் சில நேரங்களில் மாறிவிடுகின்றன. உங்கள் மகளுக்கு மாறக்கூடாது.

வாக்குமூலமும் அப்படியே. சாட்சி காவல் அதிகாரியிடம் சொல்வது எழுத்தில் பதிவானாலும் அதில் சாட்சியின் கையொப்பம் வாங்கக்கூடாது என்பது சட்டம். எதிரி காவல் அதிகாரியிடம் கொடுக்கும் ஒப்புதல் வாக்குமூலத்தை அவருக்கு எதிராக நிரூபிக்க முடியாது. ஆனால் அவர் சொன்னதைக் கொண்டு கத்தியோ நகையோ கண்டெடுக்கப்பட்டால், அந்தக் கண்டெடுப்போடு நேராகத் தொடர்புடைய பகுதி மட்டும் ஏற்கப்படும். அதனால்தான் பொருளைக் கைப்பற்றும்போது சாட்சிகள் முன்னிலையில் எழுதும் பதிவான மகஜருக்கு இத்தனை மதிப்பு.

குற்றங்களின் பெயர்களில் பேச்சு வழக்கு அவரை ஏமாற்றும். ஊரில் எல்லாவற்றையும் கொள்ளை என்று சொல்லிவிடுகிறோம். சட்டத்தில் திருட்டோடு வன்முறையோ உடனடி அச்சுறுத்தலோ சேர்ந்தால் கொள்ளை. ஐந்து பேரோ அதற்கு மேலோ சேர்ந்து செய்தால் கூட்டுக்கொள்ளை. அடிதடியில் ஒரு பல் உடைந்தாலே அது கொடுங்காயம். சாதாரண காயம் என்று எழுதினால் பிரிவே மாறிவிடும்.

நீங்கள் வாங்கிக் கொடுத்த வழிகாட்டி நூல்களின் பதிப்பாண்டைத் தயவுசெய்து பாருங்கள். 2024 ஜூலை 1 முதல் இந்திய தண்டனைச் சட்டத்தின் இடத்தில் பாரதிய நியாய சன்ஹிதாவும், குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் இடத்தில் பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவும், சாட்சியச் சட்டத்தின் இடத்தில் பாரதிய சாக்ஷிய அதினியமும் நடைமுறைக்கு வந்துவிட்டன. கொலைக்குப் பிரிவு 302 என்று நாம் கேட்டு வளர்ந்தோம். இப்போது அது 103. ஏமாற்றுதலுக்கான 420 இப்போது 318. முதல் தகவல் அறிக்கைக்கான (எஃப்.ஐ.ஆர்.) 154 இப்போது 173. அந்த ஜூலை 1க்கு முன் நடந்த குற்றங்களுக்குப் பழைய தண்டனைப் பிரிவுகளே பொருந்தும் என்பதால் இரண்டையும் அவர் அறிந்திருக்கவேண்டும். எண்கள் மாறினாலும் சில அடிப்படைகள் அப்படியே நிற்கின்றன: கைது செய்யப்பட்டவரைப் பயண நேரம் நீங்கலாக 24 மணி நேரத்துக்குள் நடுவர் (மாஜிஸ்திரேட்) முன் நிறுத்தவேண்டும்; எதிரி காவலில் இருக்கையில் வழக்கைப் பொறுத்து 60 அல்லது 90 நாட்களுக்குள் இறுதி அறிக்கை (குற்றப்பத்திரிகை) தாக்கலாகாவிட்டால் அவருக்குப் பிணை (ஜாமீன்) பெறும் உரிமை வந்துவிடும்.

தேர்வைப் பற்றிக் கேட்டிருந்தீர்கள். தமிழ்நாடு சீருடைப் பணியாளர் தேர்வு வாரியத்தின் சார்பு ஆய்வாளர் தேர்வில் தமிழ் மொழித் தகுதித் தேர்வு 100 மதிப்பெண்களுக்கு நடக்கிறது. அதில் 40 எடுக்காதவரின் அடுத்த தாள் கணக்கில் வராது. ஆகவே தமிழைக் கடைசியில் பார்த்துக்கொள்ளலாம் என்று அவரைத் தள்ளிப்போட விடாதீர்கள். உடல் தகுதித் தேர்வை நினைத்து நீங்கள் அஞ்சுவது புரிகிறது. வேதியியல் படித்தவருக்கு விரல்ரேகைப் பிரிவின் சார்பு ஆய்வாளர் பணியும், தடய அறிவியல் துறையின் ஆய்வகப் பணிகளும் உண்டு. புதிய நடைமுறைச் சட்டம், ஏழு ஆண்டுகளோ அதற்கு மேலோ தண்டனைக்குரிய குற்றங்களில் தடயவியல் வல்லுநர் நிகழ்விடத்துக்கு வரவேண்டும் என்கிறது. இந்த வழியையும் அவர் முன் வையுங்கள். முடிவை அவரே எடுக்கட்டும்.

பயிற்சிக்கு இரண்டு வேலைகள் சொல்லியிருக்கிறேன். உச்ச நீதிமன்றத்தின் 2016ஆம் ஆண்டு ஆணைப்படி, உணர்வுபூர்வமான வழக்குகள் நீங்கலாக முதல் தகவல் அறிக்கைகள் இணையத்தில் வெளியிடப்படுகின்றன. நம் மாநிலக் காவல் துறைத் தளத்தில் வாரம் மூன்றைப் படித்து, வாதி யார், எதிரி யார், நிகழ்விடம் எது, எந்த நேரம், எந்தப் பிரிவு என்று தம் சொந்த வாக்கியங்களில் அவர் எழுதவேண்டும். அடுத்து, மாதம் ஒரு நாள் உங்கள் ஊர்க் குற்றவியல் நடுவர் நீதிமன்றத்துக்குச் சென்று பின் இருக்கையில் அமரட்டும். திறந்த நீதிமன்றத்தில் பொதுமக்கள் அமைதியாக உட்கார்ந்து கேட்கத் தடையில்லை. முதல் முறை தயங்குவார் என்று தோன்றுகிறது; முடிந்தால் நீங்களும் உடன் செல்லுங்கள். அங்கே காதில் விழுந்து பொருள் விளங்காத சொற்களை ஒரு தாளில் குறித்துக்கொண்டு, அடுத்த மாதம் வரும்போது அந்தத் தாளை எடுத்துவரச் சொல்லுங்கள்.