15 நிமிட வானொலி நாடகத்தில் பேயை வைத்துச் சிரிக்க வைப்பது எப்படி?

மேடைக்கு எழுதிய நாடகத்தைத்தான் வானொலிக்கு மாற்றப் பார்க்கிறீர்கள் என்று நினைக்கிறேன். அப்படியானால் முதல் சிக்கல் இதுதான்: மேடையில் பேய் பார்வையாளருக்குத் தெரியும், மற்றப் பாத்திரங்களின் கண்ணுக்குத் தெரியாது, அதிலேயே பாதிச் சிரிப்பு வந்துவிடும். வானொலியில் யாருமே கண்ணுக்குத் தெரிவதில்லை. பேயும் ஒரு குரல், மனிதனும் ஒரு குரல். அதனால் "யார் கண்ணுக்குத் தெரிகிறது" என்பதை விட்டுவிட்டு, "யார் காதில் விழுகிறது" என்பதில் கதையைக் கட்டுங்கள்.

இந்த ஊடகத்துக்கு இருட்டு ஒத்துப்போகும் என்பது பழைய பாடம். 1924 ஜனவரியில் பிபிசி ஒலிபரப்பிய, பிரிட்டிஷ் எழுத்தாளர் ரிச்சர்ட் ஹியூஸின் நாடகம், நிலக்கரிச் சுரங்கத்தில் விளக்கு அணைவதில் தொடங்குகிறது. பாத்திரங்களும் நேயரும் ஒரே இருட்டில் இருக்கிறார்கள்.

குறைந்தது மூன்று பேர் வேண்டும்: பேய், அதன் பேச்சைக் கேட்கிறவர், கேட்காதவர். நடுவில் இருப்பவர் சொல்லும் ஒரே வரி இரண்டு பேருக்கும் பதிலாக அமைய வேண்டும். வாடகைக்கு வந்த குமாரை எடுத்துக்கொள்வோம்.

உரிமையாளர்: சாவியை உங்ககிட்டயே குடுத்துடட்டுமா?
பேய்: இன்னிக்கு ராத்திரி உன் கட்டில்லதான் படுப்பேன்.
குமார்: ஐயையோ, வேண்டவே வேண்டாம்!
உரிமையாளர்: சரி, நானே வெச்சுக்கறேன்.

உரிமையாளரின் கடைசி வரி அவருடைய முதல் வரியிலிருந்தே தொடர்வதைக் கவனியுங்கள். பேயின் குரல் அவருக்குக் கேட்கவில்லை என்பது நேயருக்கு அதனால்தான் புரிகிறது. "எனக்கு ஒண்ணும் கேக்கலையே" என்று யாரும் விளக்க வேண்டியதில்லை. இந்த விதியை முதல் ஒன்றரை நிமிடத்துக்குள் நிறுவிவிடுங்கள். தாமதித்தால் நேயர் குழம்புவார், குழம்பியவர் சிரிக்க மாட்டார்.

அடுத்து, பேயின் குரல். எதிரொலியைக் கொட்டாதீர்கள். "எதிரொலி இல்லாமல் பேயா?" என்று கேட்பவர்கள் உண்டு, திகில் நாடகத்துக்கு அது பொருந்தலாம். நகைச்சுவையில் அது கெடுதல். தமிழில் சிரிப்பு வரவேண்டிய சொல் பெரும்பாலும் வாக்கியக் கடைசியில் வருகிறது. எதிரொலியின் வால் அடுத்தவர் பதிலின் முதல் சொல்லை மூடிவிடும், பதில் தாமதமானால் வேகம் போய்விடும். மாறாக, பேயாக நடிப்பவரைத் துணி, மெத்தை சூழ்ந்த இடத்தில் மைக்குக்குச் சுமார் 10 செ.மீ. அருகில், வாய் சற்றே பக்கவாட்டில் இருக்க, சத்தம் குறைத்துப் பேச வையுங்கள். ஒருதிசை மைக்கில், அதாவது முன்னாலிருந்து வரும் ஒலியையே அதிகம் வாங்கும் மைக்கில், அருகே பேசினால் குரலின் கனத்த கீழ்ச்சுரம் தானாகவே கூடும். மனிதர்கள் 40 செ.மீ. தள்ளி, சாதாரண அறையில் பேசட்டும். பேய் நேயரின் காதுக்குள்ளேயே உட்கார்ந்திருப்பது போல இருக்கும். இடது வலது பிரித்துப் பேயை நகர்த்துவதை நம்பாதீர்கள். ஒற்றை ஒலிபெருக்கியில் கேட்பவருக்கு அது போய்ச் சேராது.

மனிதர்களுக்குக் காலடி ஓசை இருக்கட்டும், பேய்க்கு வேண்டாம். காலடி இல்லாமல் குரல் மட்டும் வருவதே அதன் அடையாளம். கூடவே அரை விநாடி வருகை ஒலி ஒன்று வையுங்கள்: கண்ணாடிக் கோப்பையின் விளிம்பை ஈர விரலால் தேய்த்தால் போதும். மூன்று முறை அந்த ஒலியோடு பேய் வரட்டும். நான்காவது முறை ஒலி மட்டும் வரட்டும், பேய் வராது. ஐந்தாவது முறை ஒலியே இல்லாமல் வந்து நிற்கட்டும். உண்மையாகவே பயமுறுத்த வேண்டிய ஓர் இடத்துக்கு இந்த ஐந்தாவதை ஒதுக்குங்கள்; நாடகத்தின் மூன்றில் இரண்டு பங்கு கடந்ததும் அது வந்தால் நல்லது. மற்ற ஒலிகளைப் பேச்சு தாங்க வேண்டும். மழையும் எண்ணெய் பொரிவதும் ஏறக்குறைய ஒரே சத்தம். ஒரு வரியாவது அது என்ன என்று காட்டிக்கொடுக்க வேண்டும்.

நான்கு குரலுக்கு மேல் வேண்டாம். ஐந்தாறு வரி பேசாமலிருக்கும் பாத்திரம் அறையிலிருந்து மறைந்துவிடும். ஒரு "ம்", ஒரு இருமலாவது கொடுங்கள். அலறும்போது நடிகர் ஓரடி பின்வாங்கி முகத்தைத் திருப்ப வேண்டும், இல்லையென்றால் ஒலி உடையும். சிரிப்புக்கென்று மேடையில் விடும் இடைவெளியும் இங்கே கூடாது. முழு மௌனம் சில விநாடி நீடித்தால் ஒலிபரப்பு நின்றுவிட்டதென்று நினைப்பார்கள். ஆளில்லாத அறையின் ஓசையை 30 விநாடி பதிந்துவைத்து, தவிர்க்க முடியாத இடைவெளிகளுக்கு அடியில் ஓட விடுங்கள்.

15 நிமிடத்தில் இசைக்கும் அறிவிப்புக்கும் ஒன்றரை நிமிடம் போகும். மீதி பதின்மூன்றரை நிமிடத்தைப் பக்கக் கணக்கில் அளக்காமல், வாய்விட்டுப் படித்துக் கடிகாரத்தில் பாருங்கள்.

கேள்விக்குத் தொடர்பில்லாத ஒன்றையும் சொல்லியாக வேண்டும். நேரம் போதாதபோது முதலில் வெட்டப்படுவது ஒலியமைப்பாளரின் பெயர். கதவைக் கிறீச்சிட வைத்தவர், கோப்பையைத் தேய்த்தவர், மைக்கைத் தள்ளி வைத்தவர் இல்லாமல் உங்கள் பேய் வெறும் காகிதம். இந்த அநியாயத்தைப் பற்றி யாரும் பேசுவதில்லை. பிரதியின் கடைசிப் பக்கத்தில் அவர்கள் பெயரையும் எழுதி, அதற்குப் பத்து விநாடியை அறிவிப்பு நேரத்திலிருந்து எடுக்காமல் உங்கள் வசனத்திலிருந்து குறைத்துக்கொள்ளுங்கள்.