வெள்ளை லைட்டா, மஞ்ச லைட்டா? அதுக்கு முன்னாடி பாயிண்ட் எங்கன்னு பாருங்க

கேள்வி: திருப்பூர்ல புதுசா 2 பெட்ரூம் வீடு கட்டிட்டு இருக்கோம்ங்க. ரூஃப் போட்டாச்சு, இனி சுவத்துல வயரிங் பைப்புக்கு காடி வெட்டப் போறாங்க. ஹால்ல ஃபால்ஸ் சீலிங் போட்டு 12 டவுன்லைட் வச்சிடலாம்ங்கிறார் எலக்ட்ரீஷியன். மஞ்ச லைட் மங்கலா இருக்கும், வீடு பூரா வெள்ளைதான் வேணும்னு வீட்டுக்காரர் சொல்றார். எனக்கு மஞ்சதான் பிடிக்கும். மாமியாருக்கு 70 வயசு, ராத்திரி பாத்ரூம் போக தடுமாறுறாங்க. என்னதான் பண்றது? - ஒரு வாசகி, திருப்பூர்

பதில்: காடி வெட்டுறதுக்கு முன்னாடியே கேட்டீங்க பாருங்க, ரொம்ப நல்லதுங்க. பல்பை எப்ப வேணா கழட்டி மாத்திக்கலாம், ஆனா பாயிண்டை மாத்தணும்னா பூசின சுவத்தை உடைக்கணும், அதனால கலர் சண்டையை இப்போதைக்கு ஓரமா வைங்க. ஒரு சாக்பீஸை எடுத்துக்கிட்டு வீட்டுக்காரரையும் கூட்டிக்கிட்டு வீட்டை ஒரு சுத்து வாங்க, காய் நறுக்குறது எங்க, பேப்பர் படிக்கிறது எங்க, டிவி எந்த சுவத்துல, பீரோ எங்க நிக்கும், எல்லாத்தையும் சுவத்துலயே எழுதிடுங்க. அதை வச்சு எலக்ட்ரீஷியன்கிட்ட பேசுங்க.

முதல்ல சமையலறைக்குப் போங்க, ஏன்னா அங்கதான் நிறைய பேர் வீட்ல தப்பாகுது. சீலிங் நடுவுல ஒரு லைட்டைப் போட்டு முடிச்சிடுவாங்க, நீங்க மேடைகிட்ட போய் நின்னா லைட் முதுகுக்குப் பின்னாடி போயிடும், உங்க நிழல் நேரா அருவாமனை மேலயும் கத்தி மேலயும் விழும். இதுக்கு வாட்ஸை ஏத்தி பிரயோஜனமே இல்ல, நிழல் இன்னும் அழுத்தமாத்தான் விழும். மேல வர்ற கபோர்டோட அடிப்பக்கம், முன் ஓரமா, அலுமினிய ப்ரொஃபைல்ல, அதாவது நீளமான அலுமினியச் சட்டத்துல, எல்இடி ஸ்ட்ரிப் ஒட்டச் சொல்லுங்க, அதுக்கு தனி ஸ்விட்ச்சோட ஒரு பாயிண்ட் இப்பவே கபோர்டு அடி உயரத்துல விட்டுடணும், ஸ்ட்ரிப்புக்கு ஏத்த மாதிரி கரண்டை மாத்திக் கொடுக்கிற சின்னப் பெட்டி, அதான் ட்ரைவர், அதை அடுப்பு சூடு படாத இடத்துல வைக்கணும். மேடைக்கு பாலிஷ் போட்ட கருப்பு கிரானைட்னா சாதா ஸ்ட்ரிப் வேண்டாம், ஒவ்வொரு புள்ளியும் கல்லுல தனித்தனியா மின்னி கண்ணை உறுத்தும், புள்ளி தெரியாத சிஓபி ஸ்ட்ரிப்பா கேட்டு வாங்குங்க. கபோர்டு வைக்கலைன்னா மேடைக்கு நேர் மேல சுவத்துல ட்யூப் லைட் மாதிரி நீளமா இருக்கிற 2 அடி பேட்டன் லைட் ஒண்ணு போதும்.

ஹாலுக்கு 12 டவுன்லைட் ரொம்ப அதிகம்ங்க. ஒவ்வொண்ணும் 12 வாட்ஸ்னு வச்சாலே 144 வாட்ஸ், சுமாரா 12,000 லூமனுக்கு மேல வரும் (லூமன்னா பல்பு கொடுக்கிற வெளிச்சத்தோட அளவு). சாதாரண ஹாலுக்கு ஓரமா 6 இருந்தா தாராளம், அதையும் மூணு மூணா ரெண்டு ஸ்விட்ச்ல பிரிச்சுக்கோங்க, டிவி பார்க்கும்போது பாதி போதும்ல. சோஃபால உக்காந்து அண்ணாந்தா கண்ணுல குத்துற மாதிரி எதுவும் வரக்கூடாது. இன்னொண்ணு ரொம்ப முக்கியம், ஃபேன் இறக்கை சுத்துற வட்டத்துக்கு மேலயோ அதை ஒட்டியோ லைட் வந்துச்சுன்னா நிழல் வெட்டி வெட்டி ரூம் பூரா ஓடும், அதுல உக்காந்து படிக்கவே முடியாது, தலைவலி வந்துடும். சாதா ஃபேனுக்கு குறுக்களவு 4 அடி, அதனால நடுவுல இருந்து ரெண்டரை மூணு அடியாவது தள்ளி லைட் வரட்டும்.

மாமியார் விஷயத்துக்குத்தான் நான் இதுலயே அதிக முக்கியத்துவம் கொடுப்பேன். வயசாக ஆக கண்மணி சுருங்கும், கண்ணுக்குள்ள இருக்கிற லென்ஸும் மஞ்சளாகும், அதனால நம்மளை விட ரெண்டு மூணு மடங்கு வெளிச்சம் வேணும், ஆனா பளீர்னு நேரா அடிச்சா கூசவும் செய்யும். அவங்க கட்டில்ல படுத்தபடியே கை எட்டுற மாதிரி ரூம் லைட்டுக்கு ஒரு டூ வே ஸ்விட்ச் (ஒரே லைட்டை ரெண்டு இடத்துல இருந்து போட்டு அணைக்கிறது), கட்டில்ல இருந்து பாத்ரூம் வாசல் வரைக்கும் தரையில இருந்து ஒரு அடி உயரத்துல ரெண்டு ஃபுட் லைட், 1 வாட் மஞ்ச லைட்டே போதும், நைட் பூரா எரியட்டும், கரண்ட் ஒண்ணும் பெருசா ஆகாது. பாத்ரூம் படி எங்க முடியுதுன்னு தெரியுற மாதிரி ஒண்ணு அங்க கட்டாயம் விழணும். பாத்ரூமுக்குள்ளயும் பெரிய லைட்டோட சேர்த்து சின்னதா ஒரு மஞ்ச பல்பு வைங்க. நடுராத்திரி பளீர் வெள்ளையில நின்னுட்டு திரும்ப இருட்டுக்கு வந்தா அவங்களுக்கு கண்ணு பழகவே ரொம்ப நேரமாகும், தடுமாறி விழுறது அப்பதான்.

இப்ப கலருக்கு வருவோம். பெட்டியில கெல்வின்னு ஒரு நம்பர் போட்டிருக்கும், 2700, 3000 நல்ல மஞ்சள், 4000 இடைப்பட்டது, 6500 நம்ம ஊர் கடைகள்ல சாதாரணமா கிடைக்கிற நீலம் கலந்த வெள்ளை. மஞ்ச லைட் மங்கல்னு உங்க வீட்டுக்காரர் சொல்றது பழைய 40 வாட்ஸ் குண்டு பல்பு ஞாபகத்துல, அது 400 லூமன்தான் சுமாரா, இப்ப 9 வாட்ஸ் எல்இடி எந்த கலர்னாலும் 800, 900 கொடுக்குது. அதனால ரெண்டு பேரும் ஒத்துக்கிற மாதிரி பெட்ரூமுக்கும் பூஜை ரூமுக்கும் 3000, சமையலறைக்கும் படிக்கிற மேஜைக்கும் 4000 போடுங்க, ஹால்ல ரெண்டு ஸ்விட்ச் இருக்கே, ஒண்ணுல மஞ்ச, ஒண்ணுல 4000. பெட்ரூம்ல மட்டும் 6500 வேண்டவே வேண்டாம், தூங்குற நேரத்துல நீலம் கலந்த வெளிச்சம் தூக்கத்தைத் தள்ளிப் போடும்.

பீரோ பக்கத்துல வர்ற லைட்டுக்கு சிஆர்ஐ, அதாவது அந்த வெளிச்சத்துல துணியோட கலர் எவ்வளவு சரியா தெரியும்ங்கிறதுக்கான நம்பர், 90க்கு மேல இருக்கான்னு பாருங்க, பனியன் கம்பெனியில ஷேடு பார்க்க லைட் பாக்ஸ் வச்சிருக்கிற ஊர்க்காரங்களுக்கு நான் இதை விளக்க வேண்டியதே இல்ல, லைட் சரியில்லைன்னா மெரூன் புடவையும் பிரவுன் மாதிரிதான் தெரியும்.

மொத்தமா வாங்கிடாதீங்க. பெயிண்ட் அடிச்சு முடிஞ்சதும் ஒவ்வொரு வகையிலயும் ஒண்ணு வாங்கி மாட்டி ராத்திரியில பாருங்க, போன்ல ஸ்லோ மோஷன் வச்சு வீடியோ எடுங்க, பட்டை பட்டையா ஓடுச்சு, விட்டு விட்டு எரியுற மாதிரி தெரிஞ்சதுன்னா அந்த பல்பு வேண்டாம். அப்புறம் பூசுறதுக்கு முன்னாடி ஒவ்வொரு சுவத்தையும் பைப் தெரியுற மாதிரி போட்டோ எடுத்து வச்சுக்கோங்க, பின்னாடி ஆணி அடிக்கும்போதும் ட்ரில் போடும்போதும் வயர் எந்தப் பக்கம் போகுதுன்னு அதைப் பார்த்துதான் சொல்ல முடியும்.