கரையும் மக்னீசியம் திருகை எப்படி வலுவாக்குகிறார்கள்?

எலும்பு முறிவுக்குப் போடும் மக்னீசியம் திருகு, எலும்பு சேரும் முன்பே உடம்பில் கரைந்துவிடாதா என்று கேட்டிருக்கிறீர்கள். நியாயமான கவலைதான். 20-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பெல்ஜிய மருத்துவர் ஆல்பின் லாம்போட் முறிந்த காலெலும்பில் மக்னீசியத் தகட்டை எஃகு ஆணிகளால் பொருத்தினார். எட்டே நாளில் தகடு சிதைந்து, தோலுக்கடியில் ஹைட்ரஜன் வாயு திரண்டது. எஃகோடு தொட்டுக்கொண்டிருக்கும் மக்னீசியம், உடம்பின் உப்பு நீரில் ஒரு மின்கலமாகவே மாறி வேகமாக அரிபடும்.

அதே மின்கலம், திருகு செய்யும் மக்னீசிய உலோகக் கலவைக்குள்ளும் சிறிய அளவில் உருவாகிறது. வார்த்த கட்டியில் சில சேர்மங்கள், உலோகம் உருவாகியிருக்கும் நுண்ணிய படிகத் துகள்களின் எல்லையில் திட்டுகளாக ஒதுங்கும். அவற்றைச் சுற்றி அரிப்பு குழி பறிக்கும். அதனால் முதலில், இதேபோல் மின்கலத்தை உண்டாக்கும் இரும்பு, நிக்கல், தாமிர மாசுகளை மிகமிகக் குறைக்க வேண்டும். என்னைக் கேட்டால் இதுதான் தலையாயது. இதில் கோட்டைவிட்டால் பின்னால் செய்யும் எந்தப் பக்குவமும் காப்பாற்றாது. அப்புறம் கட்டியைப் பல மணி நேரம் சூட்டில் வைத்து, முடிந்தவரை அந்தத் திட்டுகளைக் கரைப்பார்கள்.

அடுத்தது எக்ஸ்ட்ரூஷன்: சூடான கட்டியைச் சிறு துளை வழியே அழுத்தித் தள்ளுவது. இன்னொரு முறையில், ஒரே அகலமுள்ள வளைந்த தடத்தில் திரும்பத் திரும்பத் தள்ளுவார்கள். தண்டின் தடிமன் மாறாது. உள்ளே துகள்கள் மட்டும் சில மைக்ரோமீட்டர் அளவுக்கோ அதற்கும் கீழோ நுணுகும். துகள் நுணுகினால் வலு கூடும். மிஞ்சிய திட்டுகளும் பொடிந்து பரவுவதால் அரிப்பு ஓரிடத்தில் குழி தோண்டாமல் சீராக நடக்கும். ஆனால் அளவுக்கு மீறி நசுக்கினால் படிக அமைப்பில் குறைகள் பெருகி, அரிப்பு வேகமெடுக்கவும் கூடும். அதனால்தான் கடைசியில் மிதமான சூட்டில் பதப்படுத்துகிறார்கள்.